‘மனசை ஒட்டவிடாதே’ என்பார்கள்

அன்புள்ள மாணவிகளே, மாணவர்களே,

ஹோம் ஹெல்த் எய்டு, ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், பிளஸ் டூ தொழிற்பிரிவு நர்சிங் என்று உங்கள் சான்றிதழில் எந்தப் பெயர் இருந்தாலும், போகப்போகும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். உடம்புக்கு முடியாத ஒருவரின் பக்கத்தில் இருப்பது. முதல் போஸ்டிங்கிலேயே சீனியர் அக்கா ஒருவர் உங்களைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொல்வார். “பேஷன்ட் மேல மனசை ஒட்டவிடாதே. ஒட்டிக்கிட்டா கடைசியில நீதான் அழுவே.” உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். பல வருஷம் நைட் டியூட்டி பார்த்துத் தேய்ந்தவர் அவர். ஆனாலும் அதை அப்படியே வாங்கி முடிந்துகொள்ளாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் எடுக்கும் வகுப்பில் ‘பராமரிப்பு உறவு’, ‘பிணைப்பு’ என்று இரண்டு சின்னத் தலைப்புகள் வரும். படுக்கைப் புண், யூரின் பை, ரைல்ஸ் ட்யூப் வழியாகக் கஞ்சி கொடுப்பது எல்லாவற்றையும் கவனமாகப் படிப்பவர்கள், இந்த இரண்டை மட்டும் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு முடித்துவிடுவார்கள். பிணைப்பை ஆராய்ந்த ஜான் பவுல்பி, மேரி எயின்ஸ்வொர்த், பாதுகாப்பான பிணைப்பு, பதற்றப் பிணைப்பு, விலகல் பிணைப்பு, குழம்பிய பிணைப்பு. ஐந்து மார்க். ஒவ்வொரு பேட்சிலும் யாராவது கேட்பார்கள்: “மிஸ், இது கைக்குழந்தைங்க பாடம். நாங்க பாக்கப்போறது தாத்தா பாட்டிங்கள. எங்களுக்கு எதுக்கு இது?” நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

ஜேம்ஸ் ராபர்ட்சனிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் நோட்ஸில் இவர் பெயர் இருக்காது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்ட் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தினார். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர் ராபர்ட்சன். எந்த வேலைக்கு வந்தவராக இருந்தாலும் குழந்தைகளிடம் கண்டதை அட்டையில் எழுதிவைக்க வேண்டும் என்பது அந்தக் காப்பகத்தின் விதி. அப்படித்தான் ராபர்ட்சனுக்குக் குழந்தைகளைக் கூர்ந்து பார்க்கும் கண் வாய்த்தது. (பெரிய பட்டம் படித்தவர்களுக்குத்தான் கவனிக்கத் தெரியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.) போருக்குப் பிறகு லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் பவுல்பியோடு சேர்ந்தார்.

அந்நாளில் இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளில், குழந்தையைச் சேர்த்துவிட்டால் பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமத்தாகப் படுத்திருக்கிறது என்று வார்டில் காரணம் சொன்னார்கள். அந்தச் ‘சமத்து’ என்னவென்று ராபர்ட்சன் படம்பிடித்துக் காட்டினார். லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தை, தொப்புளில் இருந்த குடலிறக்கத்துக்கான அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தினமும் குறித்த நேரங்களில் கேமராவை ஓடவிட்டார். லாரா பெரிதாக ஓலமிடவில்லை. நாளாக நாளாக முகம் இறுகிக்கொண்டு போகிறது. கடைசியில் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா கையை நீட்டுகிறார், லாரா அந்தக் கையைப் பிடிக்க மறுக்கிறாள்.

1952-ல் டாக்டர்கள் கூட்டமொன்றில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. தங்கள் தொழிலையே அவமதித்துவிட்டார் என்றார்கள். ஆனால் அரசு அமைத்த பிளாட் குழுவின் 1959-ம் ஆண்டு அறிக்கை, பெற்றோர் தடையில்லாமல் வந்து பார்க்கட்டும் என்று பரிந்துரைத்தது. பிரித்துவைக்கப்பட்ட குழந்தை கடக்கும் மூன்று கட்டங்களை ராபர்ட்சன் சொன்னார்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, அதற்கும் பிறகு விலகல். வார்டு சமத்து என்று நினைத்துக்கொண்டிருந்தது இந்த மூன்றாவதைத்தான்.

நம் ஊர் ஜி.எச்.சில் படிப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இங்கே கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து ஒரு சொந்தக்காரர் எப்போதும் படுத்திருப்பார். ‘கூட ஆள் யாரும்மா?’ என்பதுதான் அட்மிஷனில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. ஆள் பற்றாக்குறையால் வந்த வழக்கம் என்றாலும், லாராவுக்குக் கிடைக்காத ஒன்று நம் வார்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்துவிடுகிறது. ஐ.சி.யூ. கதவைத் தாண்டினால் நிலைமை வேறு, அதையும் கவனியுங்கள். ஆனால் உங்களில் பெரும்பாலோர் வேலை பார்க்கப்போவது வார்டில் இல்லை, வீடுகளில். 2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மகன் டல்லாஸில், மகள் பெங்களூரில். ‘கூட ஆள்’ இனி நீங்கள்தான். அந்த இடத்தில் இருந்துகொண்டு மனசை ஒட்டவிடாமல் வேலை பார்ப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

ஒட்டாமல் இருப்பதை ஓர் ஏற்பாடாகவே செய்து பார்த்த மருத்துவமனை உண்டு. இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனின் பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து 1960 வாக்கில் எழுதினார். அங்கே ஒரு நர்ஸ் ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துக்கொள்வதில்லை. ஒருத்தி எல்லோருக்கும் டெம்பரேச்சர் எடுப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் பெட்பேன் வைப்பாள். நோயாளிக்குப் பெயர் இல்லை. ‘பத்தாம் நம்பர் லிவர்’ என்பதுபோல்தான் பேச்சு. மாணவ நர்ஸ்களை வார்டு வார்டாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வலி, சாவு, அருவருப்பு எல்லாம் பக்கத்தில் வந்து தாக்காமலிருக்க அந்த நிறுவனம் தன்னையறியாமல் கட்டிக்கொண்ட வேலி அது என்றார் மென்சிஸ். வேலி வேலை செய்யவில்லை. பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போனார்கள், அதிலும் பெரும்பாலோர் தாங்களாகவே. அக்கறை குறைந்தவர்கள் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. நல்ல நர்ஸாக வந்திருக்கக்கூடியவர்களும் போனார்கள்.

இதை இங்கே சொல்லக் காரணம், நம் ஏஜென்சிகள் சிலவும் இதையே செய்கின்றன. ஒரு கேஸில் ஆள் நிலைத்துவிட்டால் குடும்பம் நேரடியாகப் பேசி எடுத்துக்கொண்டுவிடும் என்ற பயத்தில், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள். வியாபாரக் கணக்கு அது. உங்களிடம் சொல்லும்போது மட்டும் “ரொம்ப ஒட்டிக்கக்கூடாதுமா, உனக்குத்தான் நல்லதில்லை” என்று மனநல ஆலோசனையாக வரும்.

சரி, தாத்தா பாட்டிக்கு வருவோம். பிணைப்பு தொட்டிலோடு முடிவதில்லை, சாகும்வரை கூட வருவது என்பதில் பவுல்பி உறுதியாக இருந்தார். பயம், நோவு, அந்நியம் மூன்றும் சேர்ந்தால் எந்த வயதிலும் மனிதர் தமக்குப் பழகிய முகத்தைத் தேடுவார். பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கு இந்த மூன்றுமே தினமும் உண்டு.

டிமென்ஷியா உள்ள ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்பது கடந்தவர். பகலெல்லாம் ஒரு தொந்தரவும் கிடையாது. சாயந்திரம் ஐந்து மணியானால் எழுந்து வாசலுக்கு வருவார். “எங்கம்மா வந்தாச்சா?” முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். மருமகள் சமையலறையிலிருந்து சத்தம்போடுவார்: “உங்கம்மா செத்து நாப்பது வருஷம் ஆச்சு!” பாட்டிக்கு அது புதுச் செய்தி. அப்போதுதான் இழவு விழுந்ததுபோல் அழுவார். மறுநாள் அதே ஐந்து மணி, அதே கேள்வி, அதே இழவு. மகன் வேறு மாதிரி: “இதோ வந்துடுவாங்கம்மா.” வரமாட்டார் என்பதால் ஆறு மணிக்குப் பதற்றம் இரண்டு மடங்காகும்.

எயின்ஸ்வொர்த் வடிவமைத்த சோதனை உங்கள் பாடத்தில் உண்டு. ஒரு வயதையொட்டிய குழந்தை, தெரியாத அறை, அம்மா வெளியே போகிறார், அந்நியர் ஒருவர் வருகிறார், அம்மா திரும்பி வருகிறார். மொத்தமே இருபது நிமிஷம். பெரே மீசன் என்ற டச்சு உளவியலாளர் சொன்னார்: டிமென்ஷியா வந்தவருக்கு முழு நாளுமே அந்தத் தெரியாத அறைதான். சொந்த வீடே அடையாளம் தெரியாமல் போகும்போது, செத்துப்போன அப்பா அம்மாவைக் கேட்பது உளறல் இல்லை, பாதுகாப்பைத் தேடுவது. டிமென்ஷியா பராமரிப்பை ஆராய்ந்த டாம் கிட்வுட் 1997-ல் வெளியிட்ட புத்தகத்தில், டிமென்ஷியா உள்ளவரின் மனத் தேவைகளை எண்ணும்போது ஆறுதல், அடையாளம், ஈடுபாடு இவற்றோடு பிணைப்பையும் ஒன்றாகவே சேர்த்தார். நடுவில் அன்பை வைத்தார்.

அப்படியென்றால் ஐந்து மணிக்கு நீங்கள் செய்யவேண்டியது, பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருவது. “அம்மாவைத் தேடுதா பாட்டி? அவங்க உங்களுக்குத் தலை பின்னி விடுவாங்களா?” பொய்யும் சொல்லவில்லை, இழவும் சொல்லவில்லை. சீப்பை எடுத்து நீங்களே பின்ன ஆரம்பிக்கலாம். நாளைக்கும் ஐந்துக்குக் கொஞ்சம் முன்பே சீப்போடு போய்விடலாம். எல்லா நாளும் பலிக்காது. பலிக்கிற நாளில், வாசலுக்குப் போகும் கால் திண்ணையோடு நின்றுவிடும்.

எயின்ஸ்வொர்த்தின் சோதனையில் பலரும் தவறவிடும் சங்கதி ஒன்று உண்டு. அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அம்மா திரும்பும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் அதில் கூர்ந்து பார்ப்பார்கள். இதை உங்கள் லீவோடு வைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வருகிறீர்கள். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மாத்திரையைத் துப்புகிறார். ‘திமிர் பிடிச்ச கெழவி’ என்று நினைக்கத் தோன்றும். லாரா கையைப் பிடிக்க மறுத்ததை நினைத்துப்பாருங்கள். கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் அவருக்கு ஆளாகிவிட்டீர்கள் என்று அர்த்தம். கெஞ்சவும் வேண்டாம், பதிலுக்கு முறைக்கவும் வேண்டாம். “நாலு நாள் நான் இல்லை, இனி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இங்கதான்” என்று சொல்லிவிட்டு வழக்கமான நேரத்துக்கு வழக்கமான காபியைக் கொண்டுபோய் வையுங்கள். லீவுக்குப் போவதற்கு முன்னாலும் சொல்லிவிட்டுப் போங்கள். தூங்கும்போது நைசாகக் கிளம்பிவிடுங்கள் என்று வீட்டார் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பெரிய பேச்சுகளால் வளருவதில்லை இந்த நம்பிக்கை. ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கும்போது வளர்கிறது. தண்ணீர் சூட்டை உங்கள் முழங்கையில் பார்த்துவிட்டு, “இப்ப முதுகு துடைக்கப்போறேன் அய்யா” என்று சொன்ன பிறகே கை வைப்பது. துடைக்காத பகுதியைத் துண்டால் மூடியே வைத்திருப்பது. கதவைச் சாத்துவது. ஆபீஸராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு டயப்பர் மாற்றும்போது உங்கள் கண் எங்கே பார்க்கிறது என்பதைக்கூட அவர் கவனிப்பார்.

ஒரு எச்சரிக்கை. நாலு வகைப் பிணைப்பைப் படித்த கையோடு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டாதீர்கள். ‘இந்தத் தாத்தா விலகல் டைப் மிஸ்’ என்று கேஸ் டைரியில் ஒரு மாணவர் எழுதினால் நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அந்த வகைகள் குழந்தைகளைப் பயிற்சி பெற்றவர்கள் ஆராயும்போது பிறந்தவை. தாத்தா பேசாமலிருப்பதற்குக் காது கேட்காதது காரணமாக இருக்கலாம். பல்செட் வலிக்கலாம்.

பவுல்பியையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் 1951-ல் எழுதிய அறிக்கை, தாய் ஒருத்தியின் இடைவிடாத கவனிப்பைப் பற்றி அழுத்திச் சொன்னது. வேலைக்குப் போகும் அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அதைப் பலர் பயன்படுத்திக்கொண்டார்கள். 1964-ல் ஷாஃபரும் எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பா, பாட்டி, பக்கத்துவீட்டார் என்று பலரிடம் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். 1972-ல் உளமருத்துவர் மைக்கேல் ரட்டர் பவுல்பியின் வாதத்தையே பிரித்துப்போட்டு ஆராய்ந்தார். எயின்ஸ்வொர்த்கூட தாய்-சேய் பிணைப்பை நேரில் கவனிக்கத் தொடங்கியது ஆப்பிரிக்காவில், உகாண்டாவின் கிராமங்களில். நம் பக்கத்துக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு கூட்டுக்குடும்பத்தோடு வாழ்ந்து 1990-ல் எழுதியது. அந்த வீட்டில் பிள்ளைகள் பல பெண்களின் மடியில் மாறிமாறி வளர்ந்தார்கள், பெற்றவள் தன் பாசத்தை வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்வதும் உண்டு. ‘ஒரு அம்மா, ஒரு குழந்தை, ஒரு அறை’ என்ற லண்டன் படத்தை இங்கே அப்படியே மாட்ட முடியாது. நீங்கள் பார்த்துக்கொள்ளும் பாட்டி அத்தை மடியில் வளர்ந்தவராக இருக்கலாம். அம்மாவுக்குப் பதில் அத்தையைத் தேடுவார்.

இப்போது ஒட்டுவதன் எல்லைக்கு வருகிறேன். சீனியர் அக்காவின் பயத்தில் நியாயம் இருக்கும் இடம் இதுதான். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ், நர்ஸுக்கும் நோயாளிக்குமான உறவைப் பற்றி எழுதிய புத்தகம் 1952-ல் வந்தது. எழுதி முடித்துச் சில வருஷம் கழித்துத்தான் அச்சேறியது. கூட ஒரு டாக்டர் பெயர் இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்று தயங்கினார்களாம். அவர் நர்ஸுக்குப் பல வேடங்களைச் சொல்கிறார். முதல் வேடம் அந்நியர். இன்னொன்று பதிலாள்: நோயாளி உங்களைத் தன் அம்மாவாகவோ மகளாகவோ பார்க்கத் தொடங்குவது. அதை உதறிவிடாமல், அதே நேரம் தான் யார் என்பதையும் மறந்துவிடாமல் நடத்திக்கொண்டு போகவேண்டும் என்பார்.

நம் வீடுகளில் இந்த வேடம் இரண்டே நாளில் வந்துவிடும். ‘மேடம்’, ‘சார்’ எல்லாம் வாசலோடு சரி. பாட்டி, அம்மா, தாத்தா என்றுதான் கூப்பிடுவீர்கள். அவர்கள் உங்களைக் ‘கண்ணு’ என்பார்கள். வீட்டம்மா சொல்வார்: “நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி.” கேட்கச் சந்தோஷமாக இருக்கும், இருக்கட்டும். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னாலேயே என்ன வருகிறது என்று கவனியுங்கள். “அந்தப் பாத்திரத்தையும் கொஞ்சம் போட்டுடேன்.” “இந்த ஞாயிறு லீவு வேணாமே.” “சம்பளம் பத்தாம் தேதி தர்றேன், நம்ம வீடுதானே.” பொண்ணு மாதிரி என்பவர்கள் பொண்ணுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் தருவார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். பாட்டி ஆசையாக மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், வீட்டாரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். ஏ.டி.எம். பின் நம்பரைத் தெரிந்துகொள்ளாதீர்கள். உங்கள் கடன் கஷ்டத்தைப் பாட்டியிடம் சொல்லி அழாதீர்கள். அவரால் ஒன்றும் செய்ய முடியாது, ராத்திரி தூக்கம் மட்டும் போகும்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன ‘நிபந்தனையில்லாத மதிப்பு’ பாடத்தில் வரும். பரீட்சைக்கு எழுதுங்கள். வேலையில், “எந்த ஊரு? நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டுவிட்டு உங்களுக்குத் தனி டம்ளர் எடுத்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நோயாளியின் வலியை மதியுங்கள், அவர் உடம்பை மதியுங்கள். தனி டம்ளரை மதிக்கவேண்டும் என்று ரோஜர்ஸ் சொல்லவில்லை. ஏஜென்சியிடமும் உங்கள் பயிற்சி மையத்திடமும் அதைச் சொல்லுங்கள். கை நீட்டுவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது போன்றவற்றுக்கும் இதுதான். டிமென்ஷியா, வயசு, பாவம் என்று விழுங்கிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, கிளம்புவது. பெப்லாவின் கட்டங்களில் கடைசியானது உறவை முடித்துக்கொள்வது, பாடத்திலேயே மிகச் சின்னப் பத்தி. நம் தொழிலிலோ அதுதான் மிக மோசமாக நடக்கிறது. காலையில் ஏஜென்சியிலிருந்து போன், மத்தியானம் வேறு ஆள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட். இரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட ஒருவர் இறந்தால் அன்று சாயந்திரமே அடுத்த கேஸின் விலாசம் வாட்ஸப்பில் வந்துவிடும். அன்றைக்கு “முடியாது, ஒரு நாள் வேணும்” என்று கேளுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். அழுகை வந்தால் அழலாம். மென்சிஸ் பார்த்த மருத்துவமனையில் அதற்கு இடம் வைக்கவில்லை, அதனால்தான் பாதிப் படிப்பில் ஆட்கள் கிளம்பிப்போனார்கள்.

ஆள் மாறும்போது உங்களால் ஆகக்கூடியது ஹேண்ட் ஓவர். நோட்டில் பி.பி., சுகர், மோஷன் போனதா என்று எழுதக் கட்டம் இருக்கும். பின்பக்கத்தில் இதையும் எழுதிவையுங்கள்: ஐந்து மணிக்கு அம்மாவைத் தேடுவார், சீப்பு ஜன்னல் மேல் இருக்கிறது. இடது காதில் பேசினால் கேட்கும். கஞ்சியை ‘மருந்து’ என்று சொன்னால் குடிக்கமாட்டார். முதுகுக்குப் பின்னாலிருந்து தொட்டால் பயப்படுவார். பேரன் பெயர் சொன்னால் சிரிப்பார். முடிந்தால் புது ஆள் வரும் அன்று நீங்களும் அரை நாள் கூட இருங்கள், பாட்டியின் முன்னால் வைத்தே அறிமுகப்படுத்துங்கள். இந்த அரை நாளுக்கு ஏஜென்சி சம்பளம் தராது என்றால் வீட்டாரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டபோது கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் ஒருத்தி